வீட்டில் மெதுவாக நடப்பவரிடமிருந்து தொடங்குங்கள்: இயற்கைப் பேரிடருக்கு ஆயத்தமாக ஒரு முழுமையான வழிகாட்டி

1970 நவம்பரில் இன்றைய வங்கதேசத்தின் கடற்கரையை ஒரு புயல் தாக்கியது. மூன்று லட்சத்துக்கும் குறையாதோர் இறந்ததாகக் கணக்கிடப்படுகிறது. 2007 நவம்பரில் அதே கரையில் சிடர் புயல் மோதியபோது இறந்தவர்கள் மூவாயிரத்துச் சொச்சம் பேர். சிடரும் கடும் புயல்தான். ஆனால் இடைப்பட்ட ஆண்டுகளில் எச்சரிக்கையை ஊர் ஊராகக் கொண்டு சேர்க்கத் தொண்டர் படை உருவாகியிருந்தது, ஒதுங்குவதற்குக் காப்பகங்கள் எழுந்திருந்தன, அறிவிப்பு வந்தால் கிளம்பிவிட வேண்டும் என்பது மக்களுக்குப் பழகியிருந்தது. முதல் இரண்டும் பொதுவில் நடக்க வேண்டியவை. மூன்றாவது வீட்டுக்குள் நடக்க வேண்டியது. இங்கே எழுதுவது அந்த மூன்றாவதைப் பற்றி.

பேரிடர் ஆயத்தம் என்றதும் பலரும் பையிலிருந்து தொடங்குகிறார்கள்: டார்ச், பிஸ்கட், கயிறு, பேட்டரி. பை தேவைதான். ஆனால் அதற்கு முன்னால் யோசிக்க வேண்டியது ஆட்களைப் பற்றி. 2011 மார்ச்சில் ஜப்பானின் வடகிழக்குக் கரையைச் சுனாமி அழித்தபோது, இறந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் 65 வயதைக் கடந்தவர்கள். 2005இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் கத்ரீனா சூறாவளிக்குப் பலியானவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் 75 வயதைத் தாண்டியவர்கள். வெள்ளமும் அலையும் வயது பார்த்து வருவதில்லை. வெளியேறும் வேகம்தான் ஆளுக்கு ஆள் மாறுகிறது. ஆகவே வீட்டில் யார் மிக மெதுவாக நகர்வாரோ, யாருக்கு அடுத்தவர் கை அதிகம் தேவையோ, அவரை வைத்துத்தான் மொத்தத் திட்டத்தையும் போட வேண்டும். கீழே வரும் ஒவ்வொரு படியும் இந்த ஒரு கருத்திலிருந்து பிறந்ததுதான்.

படி 1: வீட்டில் இருப்பவர்களின் நேரத்தைக் கணக்கிடுங்கள்

ஒரு தாளை எடுத்து வீட்டில் உள்ள ஒவ்வொருவரின் பெயரையும் எழுதுங்கள். பெயருக்கு எதிரே ஒரே ஒரு கேள்விக்கு விடை எழுதுங்கள்: ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழுந்து, தேவையானதை எடுத்துக்கொண்டு, வாசலைத் தாண்ட இவருக்கு எத்தனை நிமிடம் ஆகும்? ஊகித்து எழுதாதீர்கள். கடிகாரத்தைப் பார்த்து அளந்து எழுதுங்கள். மூட்டு வலியுள்ள பாட்டிக்குப் படுக்கையிலிருந்து காலை ஊன்றவே ஐந்து நிமிடம் ஆகலாம். காது கேட்கும் கருவியைக் கழற்றிவைத்துவிட்டுத் தூங்குபவருக்கு உங்கள் கூக்குரல் எட்டாது. கைக்குழந்தையைத் தூக்கியவருக்கு ஒரு கைதான் மிச்சம். ஆக்சிஜன் கருவியை நம்பியிருப்பவருக்கு மின்சாரம் போனதே தனிப் பேரிடர்.

இந்தக் கணக்கை அவர்களுக்குத் தெரியாமல் போடக் கூடாது. முதியவரையும் மாற்றுத்திறனாளியையும் அருகில் உட்காரவைத்து, “உங்களை எப்படித் தூக்கினால் வலிக்காது? எது இல்லாமல் உங்களால் ஒரு நாள்கூட இருக்க முடியாது?” என்று கேளுங்கள். தன் உடம்பைப் பற்றி அவருக்குத் தெரிந்தது வேறு யாருக்கும் தெரியாது.

அடுத்து, ஒவ்வொருவருக்கும் ஒரு துணையைக் குறியுங்கள். பகலில் வீட்டில் பெரியவர்கள் யாரும் இல்லையென்றால் அந்தத் துணை அடுத்த வீட்டுக்காரராக இருக்கலாம். அவரிடம் முன்கூட்டியே பேசி, சம்மதம் பெற்று, ஒரு சாவியையும் கொடுத்துவையுங்கள். 1995இல் ஜப்பானின் கோபே நகரை நிலநடுக்கம் உலுக்கியபோது, இடிபாடுகளிலிருந்து உயிரோடு மீட்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோரை வெளியே இழுத்தவர்கள் குடும்பத்தாரும் அக்கம்பக்கத்தாரும்தான். மீட்புக் குழு வந்து சேரும் முன்னரே முக்கியமான மணி நேரங்கள் கடந்துவிடுகின்றன.

படி 2: ஆபத்து தரும் நேரத்தோடு அதை ஒப்பிடுங்கள்

ஒவ்வொரு பேரிடரும் ஒவ்வொரு அளவு அவகாசம் தருகிறது. புயலை நாட்கணக்கில் முன்பே அறியலாம். பெரிய ஆற்றில் வெள்ளம் ஏற மணிக்கணக்கு ஆகும். மலையடிவாரத்து ஓடையில் சில நிமிடங்கள் போதும். கடற்கரைக்கு அருகிலேயே நிலநடுக்கம் நேர்ந்தால் சுனாமியின் முதல் அலை பத்து இருபது நிமிடத்தில் வந்துவிடலாம். காட்டுத்தீ காற்றின் திசையைப் பொறுத்தது. நிலநடுக்கத்துக்கு அவகாசமே கிடையாது.

உங்கள் இருப்பிடத்தில் எவையெல்லாம் நேரக்கூடும் என்பதை உள்ளாட்சி அலுவலகத்திலும் பேரிடர் மேலாண்மைத் துறையிலும் கேட்டறியுங்கள். வெள்ள அபாய வரைபடம் இருந்தால் அதில் உங்கள் தெருவைத் தேடுங்கள். நீண்ட காலமாக அங்கே வசிக்கும் முதியவர்களிடம் தண்ணீர் எதுவரை ஏறியது என்று விசாரியுங்கள். பிறகு இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்: ஆபத்து தரும் நேரம், வீட்டில் மெதுவானவருக்குத் தேவைப்படும் நேரம். இரண்டாவது எண் பெரிதாக இருந்தால் வேகமாக ஓடச் சொல்லி அந்த இடைவெளியை நிரப்ப முடியாது. வேறு எதையாவது மாற்றியாக வேண்டும். அவருடைய படுக்கையை வாசலுக்கு அருகில் கொண்டுவரலாம். வெள்ளம் புகும் வீடென்றால் மழைக்காலம் முழுக்க மேல்தளத்துக்கு மாற்றலாம். புயல் எச்சரிக்கையின் முதல் அறிவிப்பிலேயே, ஊர் கிளம்பும் முன்னரே, அவரை உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிடலாம். என்னைக் கேட்டால், பை வாங்குவதைக் காட்டிலும் இந்த ஒரு மாற்றம் அதிக உயிர்களைக் காக்கும்.

படி 3: வீடே ஆளைக் காயப்படுத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள்

கோபேயில் இறந்த ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களில் பெரும்பாலோர் இடிந்த வீட்டுக்கும் சரிந்த மரச்சாமான்களுக்கும் அடியில் நசுங்கி இறந்தார்கள். நிலநடுக்கம் வரும் பகுதியில் வசிப்பவர்கள் உயரமான அலமாரி, புத்தக அடுக்கு, குளிர்சாதனப் பெட்டி, வெந்நீர்க் கலன் ஆகியவற்றைச் சுவரோடு எல் வடிவ இரும்புப் பட்டையால் பிணைக்க வேண்டும். கனமானவை கீழ்த்தட்டில் இருக்கட்டும். யாருடைய தலைமாட்டுக்கு மேலும் கண்ணாடிச் சட்டமோ பரணோ இருக்கக் கூடாது. கட்டிலுக்கு அடியில் ஒரு ஜோடி காலணியும் ஒரு டார்ச்சும் வையுங்கள். இருட்டில் உடைந்த கண்ணாடியின்மேல் வெறுங்காலோடு நடந்து காயப்படுபவர்கள் ஏராளம்.

தரை ஆடும்போது வெளியே ஓடாதீர்கள். குனிந்து, உறுதியான மேசைக்கு அடியில் புகுந்து, அதன் காலைப் பற்றிக்கொள்ளுங்கள். வாசற்படியின் கீழ் நிற்பது பாதுகாப்பு என்பது பழைய நம்பிக்கை. இன்றைய வீடுகளில் நிலைச்சட்டம் மற்ற இடங்களைவிட வலுவானதல்ல. குனிய முடியாதவர் கட்டிலிலேயே இருந்து தலையணையால் தலையையும் கழுத்தையும் மூடிக்கொள்ளட்டும். சக்கர நாற்காலியில் இருப்பவர் பிரேக்கைப் பூட்டிவிட்டு முன்னால் குனிந்து தலையைக் கைகளால் மறைக்கட்டும்.

மெயின் சுவிட்ச், எரிவாயு வால்வு, தண்ணீர்க் குழாயின் வால்வு ஆகிய மூன்றும் எங்கே இருக்கின்றன, எப்படி மூடுவது என்பது பத்து வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். குழாய்வழி எரிவாயு இருந்தால், மூடிய வால்வைத் திரும்பத் திறப்பது பயிற்சி பெற்ற பணியாளரின் வேலை.

வெள்ளப் பகுதியில் மின் இணைப்புப் பலகையை உயர்த்துங்கள். தெருவில் தண்ணீர் ஏறும் முன்பே கழிவுநீர்க் குழாய் வழியாகக் கழிப்பறையில் நீர் பொங்கி வருவதுண்டு. மணல் மூட்டையால் அந்த வாயை அடைத்துவையுங்கள். காட்டுத்தீப் பகுதியில் வீடுகள் பெரும்பாலும் தீ நாக்கால் எரிவதில்லை. காற்றில் பறந்துவரும் கங்குகளால் எரிகின்றன. கூரையிலும் அதன் ஓரத்து மழைநீர் வடிகாலிலும் சருகு சேரவிடாதீர்கள். சுவரைச் சுற்றி ஒன்றரை மீட்டருக்கு எரியக்கூடிய எதுவும் இருக்க வேண்டாம்.

படி 4: தண்ணீர்

உணவில்லாமல் பல நாட்கள் தாங்கும் உடல், தண்ணீரில்லாமல் சில நாட்களில் சோர்ந்துவிடும். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள்: குடிக்க ஏறக்குறைய பாதி, சமையலுக்கும் கை கழுவவும் மீதி. மூன்று நாட்களுக்கு என்பது மிகக் குறைந்த அளவு. இடமிருந்தால் இரண்டு வாரத்துக்குச் சேமியுங்கள். ஐந்து பேர் கொண்ட வீட்டுக்கு ஒரு வாரத்துக்கு 140 லிட்டர், அதாவது 140 கிலோ. இந்த எடையைத் தூக்கிக்கொண்டு யாரும் வெளியேற முடியாது. எனவே வீட்டிலேயே தங்க நேர்ந்தால் வேண்டிய தண்ணீர் வேறு, பையில் போகும் தண்ணீர் வேறு. பைக்கு ஆளுக்கு ஒரு லிட்டரும் குளோரின் மாத்திரைகளும் போதும்.

சேமித்தது தீர்ந்தால் கிடைத்த நீரைச் சுத்திகரிக்க வேண்டும். கலங்கலாக இருந்தால் முதலில் தெளியவைத்து, சுத்தமான துணியால் வடிகட்டுங்கள். கொதிக்கவைப்பதே சிறந்த வழி: தளதளவென்று கொதிக்கத் தொடங்கியபின் ஒரு நிமிடம், 2,000 மீட்டருக்கு மேற்பட்ட மலைப்பகுதியில் மூன்று நிமிடம். எரிபொருள் இல்லையென்றால், வாசனையும் வேறு எதுவும் சேர்க்காத, 5 முதல் 6 சதவீதச் சோடியம் ஹைப்போகுளோரைட் கொண்ட ப்ளீச் திரவத்தை லிட்டருக்கு 2 சொட்டு விட்டுக் கலக்கி, 30 நிமிடம் வைத்திருங்கள். வடிகட்டியும் கலங்கல் போகவில்லையென்றால் இரு மடங்கு. அரை மணி கழித்து லேசான குளோரின் வாடை வர வேண்டும். வரவில்லையென்றால் அதே அளவை மறுபடி விட்டு இன்னும் 15 நிமிடம் காத்திருங்கள். எரிபொருளோ பூச்சிக்கொல்லியோ கலந்த நீரை இந்த இரண்டு வழிகளாலும் சுத்தமாக்க முடியாது. அதைத் தொடாதீர்கள்.

குழந்தைக்கோ முதியவருக்கோ வயிற்றுப்போக்கு கண்டால் உப்புச் சர்க்கரைக் கரைசல் உயிர் காக்கும்: ஒரு லிட்டர் சுத்தமான நீரில் ஆறு சமமட்டத் தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இருந்தால் அதுவே மேல்.

படி 5: உணவும் மருந்தும்

உணவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சமைக்காமலே உண்ணக்கூடியது, வழக்கமாக வீட்டில் சாப்பிடுவது, தாகத்தைக் கூட்டாதது என்று மூன்று நாட்களுக்கு வையுங்கள். பழையதை உண்டுவிட்டுப் புதியதை நிரப்பிக்கொண்டே வந்தால் எதுவும் காலாவதியாகாது. பல் இல்லாதவரால் மெல்ல முடியுமா என்பதையும் பாருங்கள்.

மருந்துக்கு அதிகக் கவனம் வேண்டும். அன்றாடம் மருந்து எடுப்பவருக்கு ஒன்று முதல் இரண்டு வாரத்துக்கான கூடுதல் கையிருப்பை மருத்துவரிடம் கேட்டுப் பெறுங்கள். மருந்தின் மூலப்பெயர், அளவு, ஒவ்வாமை, இரத்த வகை ஆகியவற்றை ஒரு அட்டையில் எழுதி அவர் பையில் வையுங்கள்; வணிகப் பெயர் ஊருக்கு ஊர் மாறும். திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைக்க வேண்டும், உறையவிடக் கூடாது. திறந்ததைப் பெரும்பாலான வகைகளில் அறை வெப்பத்தில் சுமார் 28 நாட்கள் பயன்படுத்தலாம். உங்கள் வகைக்கான அளவை அதன் தாளில் பார்த்துக்கொள்ளுங்கள். மின்சாரம் போனால் ஈரத்துணி சுற்றிய மண்பானைக்குள் வைப்பது கடும் வெப்பத்தைக் குறைக்கும். மின்சாரத்தில் ஓடும் மருத்துவக் கருவி வீட்டில் இருந்தால், மாற்றுப் பேட்டரி எத்தனை மணி நேரம் வரும் என்பதைச் சோதித்துப் பார்த்து அந்த எண்ணை முதல் படியின் தாளில் சேருங்கள்.

தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குத் தொடர்ந்து தாய்ப்பாலே கொடுங்கள். அசுத்த நீரில் கலக்கிய பால்மாவு பேரிடர்க் காலத்தில் பெரிய ஆபத்து.

படி 6: பை

ஆளுக்கு ஒரு பை, அவரவர் தூக்கும் எடையில். குழந்தையின் பையில் ஒரு உடுப்பும் ஒரு பொம்மையும் பெற்றோர் எண் எழுதிய அட்டையும் இருந்தால் போதும். பெரியவர்களின் பைகளில் இவற்றைப் பகிர்ந்து வையுங்கள்:

- டார்ச், மாற்று பேட்டரி, பவர் பேங்க், பேட்டரியிலோ கைச்சுழற்சியிலோ இயங்கும் ரேடியோ
- முதலுதவிப் பொருட்கள், மூக்குக்கண்ணாடி, காது கருவிக்கான பேட்டரி, மாதவிடாய் நாப்கின், டயப்பர்
- விசில், இடிபாட்டில் சிக்கியவர் கத்திக் களைப்பதைவிட ஊதுவது மேல்
- சில்லறையாக ரொக்கம். மின்சாரம் இல்லாதபோது அட்டையும் செல்பேசியும் பணம் செலுத்தாது
- அடையாள அட்டை, வீட்டுப் பத்திரம், காப்பீடு, மருத்துவச் சீட்டு ஆகியவற்றின் நகல்கள், நீர் புகாத உறையில்
- குடும்பத்தினர் அனைவரும் ஒன்றாக இருக்கும் புகைப்படம் ஒன்று; பிரிந்தவரைத் தேடவும், குழந்தை உங்களுடையது என்று நிறுவவும் உதவும்

ஆவணங்களைப் படமெடுத்து, வெளியூரில் இருக்கும் நம்பிக்கையான உறவினருக்கும் அனுப்பிவையுங்கள். பைகளைப் பரணில் வைக்காதீர்கள். வாசலுக்கு அருகில், எல்லோர் கைக்கும் எட்டுகிற இடத்தில் இருக்கட்டும்.

படி 7: பிரிந்தால் எங்கே, யார் மூலம்?

பேரிடர் எல்லோரும் வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்து வருவதில்லை. இரண்டு சந்திப்பிடங்களை முடிவு செய்யுங்கள்: ஒன்று வீட்டுக்கு மிக அருகில், மற்றொன்று ஊருக்குள் போக முடியாவிட்டால் சேருமிடம். வெளியூர் உறவினர் ஒருவரைத் தொடர்பாளராக வையுங்கள்; உள்ளூருக்குள் இணைப்பு கிடைக்காதபோதும் தொலைவுக்குக் கிடைப்பதுண்டு. அழைப்பு போகாத நெரிசலிலும் குறுஞ்செய்தி போய்ச் சேர வாய்ப்பு அதிகம். முக்கியமான எண்களைக் காகிதத்தில் எழுதிவையுங்கள். குழந்தையின் பள்ளி எந்த இடத்துக்கு மாணவர்களைக் கொண்டுபோகும், யாரிடம் ஒப்படைக்கும் என்பதை இப்போதே கேளுங்கள்.

படி 8: எப்போது கிளம்புவது?

இதைத்தான் வீடுகள் தள்ளிப்போடுகின்றன. வானம் இருண்ட பிறகு கூடி விவாதித்தால் யாராவது ஒருவர் “இன்னும் கொஞ்சம் பார்க்கலாம்” என்பார். அந்தக் கொஞ்சத்தில் முழங்கால் அளவு தண்ணீர் வந்துவிடும். ஆகவே குறியீட்டை முன்பே எழுதிவையுங்கள்: ஆற்றின் நீர் இந்தக் கல்லைத் தொட்டால், இந்த நிற எச்சரிக்கை வந்தால், மலைச்சரிவில் புதிய விரிசலோ, ஓடை நீர் திடீரெனக் குறைந்து சேறாவதோ தெரிந்தால், கேள்வியில்லாமல் கிளம்புகிறோம். மெதுவானவருக்கு இதைவிட ஒரு படி முந்தைய குறியீடு. பெரியவர்கள் வீட்டில் இல்லாதபோது இந்த முடிவை எடுக்கும் அதிகாரம் யாருக்கு என்பதும் அதே தாளில் இருக்கட்டும்.

ஓடும் நீரைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். 15 சென்டிமீட்டர் ஆழத்தில் வேகமாகப் பாயும் நீர் வளர்ந்த ஆளை விழவைக்கும். 30 சென்டிமீட்டர் பல கார்களை மிதக்கவைக்கும், 60 சென்டிமீட்டர் பெரும்பாலான வண்டிகளை அடித்துச் செல்லும்.

கடற்கரையில் வசிப்பவர்கள் அறிவிப்புக்காகக் காத்திருக்கக் கூடாது. இந்தோனேசியாவின் சிமெலூ தீவில் 1907இல் ஒரு சுனாமி வந்து பலரை வாரிச் சென்றது. அந்த நினைவைத் தீவினர் கதையாகவும் பாட்டாகவும் பேரக்குழந்தைகளுக்குக் கடத்தினார்கள்: நிலம் பலமாக ஆடி, கடல் உள்வாங்கினால் மலைக்கு ஓடு. 2004 டிசம்பர் 26 அன்று நிலநடுக்க மையத்துக்கு மிக அருகில் இருந்தும் ஏறத்தாழ 78,000 பேர் வாழ்ந்த அந்தத் தீவில் இறந்தவர்கள் ஏழு பேர்தான் என்று பதிவாகியிருக்கிறது. முதல் அலையே பெரியதாக இருக்க வேண்டியதில்லை. அலைகளுக்கிடையே ஒரு மணி நேரம்கூட இடைவெளி விழும். அனுமதி கிடைக்கும்வரை இறங்காதீர்கள்.

ஜப்பானின் சான்ரிகு கடற்கரையில் ஒரு சொல்வழக்கு உண்டு: சுனாமி என்றால் ஒருவரையொருவர் தேடாமல் அவரவர் மேட்டுக்கு ஓட வேண்டும். கேட்கக் கடுமையாக இருக்கும். ஆனால் அங்கே தாய் மகனையும் மகன் தாயையும் தேடித் திரும்பிப்போய் இருவரும் இறந்த அனுபவம் தலைமுறைகளாக உண்டு. தாய் ஏறியிருப்பாள் என்று மகன் நம்பினால்தான் அவன் நிற்காமல் ஓடுவான். அந்த நம்பிக்கைக்கு அடிப்படை வேண்டுமென்றால், ஓட முடியாதவரைத் தூக்க யார் வருவார் என்பது முன்பே முடிவாகியிருக்க வேண்டும். 2011 சுனாமியின்போது அதே கரையிலுள்ள கமாய்ஷி நகரில் பயிற்சி பெற்ற நடுநிலைப் பள்ளி மாணவர்கள் பக்கத்திலிருந்த தொடக்கப் பள்ளிச் சிறுவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு மேட்டுக்கு ஏறினார்கள். ஓடுவதும் அருகில் இருப்பவரை அழைத்துப்போவதும் ஒன்றுக்கொன்று முரணல்ல, இரண்டையும் பழகியிருந்தால்.

செல்லப்பிராணி வளர்ப்பவர்கள் அதை ஏற்கும் இடம் எது என்று இப்போதே விசாரியுங்கள். கத்ரீனாவின்போது பிராணிகளை விட்டுவர மனமின்றிப் பலர் வீட்டிலேயே தங்கிவிட்டார்கள். வெளியேற்றத் திட்டங்களில் பிராணிகளையும் சேர்க்க வேண்டும் என்று 2006இல் அமெரிக்கா சட்டம் இயற்றியது.

படி 9: ஒத்திகை

1923 செப்டம்பர் 1 நண்பகல் வேளையில், அடுப்புகள் எரிந்துகொண்டிருந்த நேரத்தில், டோக்கியோ வட்டாரத்தை நிலநடுக்கம் தாக்கியது. தீயில் மாண்டவர்களே அதிகம். அந்த நாளை ஜப்பான் இன்றும் பேரிடர் தடுப்பு நாளாக வைத்து நாடெங்கும் ஒத்திகை நடத்துகிறது. உங்கள் வீட்டுக்கும் ஆண்டுக்கு இரண்டு நாட்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று இரவில், விளக்கை அணைத்துவிட்டு. மெதுவானவரை உண்மையாகவே வாசல்வரை அழைத்துவந்து நேரத்தைப் பாருங்கள். முதல் படியில் எழுதிய எண் மாறியிருக்கும், முதுமை ஆண்டுதோறும் நகர்கிறது. அன்றே மருந்தின் தேதி, பேட்டரி, குழந்தையின் உடுப்பளவு ஆகியவற்றையும் சரிபார்த்துவிடலாம்.

படி 10: அடங்கிய பிறகு

புயலில் காற்று திடீரென நின்றால் அது புயலின் நடுவிலுள்ள அமைதியான கண் பகுதியாக இருக்கலாம். சற்று நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து மறுபாதி வரும். நிலநடுக்கத்துக்குப் பின் அதிர்வுகள் தொடரும், விரிசல் விட்ட வீட்டுக்குள் நுழையாதீர்கள். எரிவாயு வாடை வந்தால் சுவிட்சையோ தீக்குச்சியையோ தொடாமல் வெளியேறுங்கள். அறுந்து விழுந்த மின்கம்பி எதுவாயினும் மின்சாரம் பாய்வதாகவே எண்ணி விலகுங்கள்.

ஜெனரேட்டரை ஒருபோதும் வீட்டுக்குள்ளோ பால்கனியிலோ ஓட்டாதீர்கள். கதவு சன்னல்களிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி வையுங்கள். அதன் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ இல்லை. புயலைத் தப்பிய குடும்பங்கள் அதற்கடுத்த இரவில் தூக்கத்திலேயே இறந்த நிகழ்வுகள் பல நாடுகளில் உண்டு. கரி அடுப்புக்கும் இதே விதி.

குளிர்சாதனப் பெட்டியைத் திறக்காமல் வைத்தால் மின்சாரமின்றி 4 மணி நேரம் உணவு தாங்கும், நிறைந்த உறைபெட்டி 48 மணி நேரம், பாதி நிறைந்தது 24 மணி நேரம். வெள்ளநீர் பட்ட உணவை எறிந்துவிடுங்கள்.

வீட்டைச் சுத்தம் செய்வதற்கு முன் ஒவ்வொரு அறையையும் படமெடுங்கள், சுவரில் நீர் ஏறிய கோட்டையும் சேர்த்து. காப்பீட்டுக்கும் நிவாரணத்துக்கும் அதுவே சான்று. மின்சாரத்தைத் தகுதியுள்ள பணியாளர் பார்த்த பின்னரே இணையுங்கள். தடித்த காலணியும் கையுறையும் அணிந்து சேற்றை அகற்றுங்கள். சேற்றில் காயம் பட்டால் டெட்டனஸ் தடுப்பூசி பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். நனைந்த மெத்தை, பஞ்சு இருக்கை போன்றவற்றை ஒன்றிரண்டு நாட்களுக்குள் முழுவதும் காயவைக்க முடியாவிட்டால் பூஞ்சை பிடித்துவிடும். ஆஸ்துமா உள்ளவரும் கைக்குழந்தையும் இருக்கும் வீட்டில் அவற்றை வைத்திருக்க வேண்டாம். அந்த வேலை முடியும்வரை அவ்விருவரும் வேறிடத்திலேயே தங்கட்டும்.